பருப்பு போட்டுப் பார்த்து வாங்கிய வீடு

வீட்டை என்ன விலைக்கு வாங்கினேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்கிறவர் ஒன்று "அவ்வளவா?" என்பார், இல்லையென்றால் "அவ்வளவுதானா?" என்பார். முதலாவதைக் கேட்டால் நான் ஏமாந்துவிட்டதாகத் தோன்றும். இரண்டாவதைக் கேட்டால், இவர் எதற்காக என்னைக் குளிர வைக்கிறார் என்று தோன்றும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை. மீன்காரி ஒரு பக்கச் செவுளைத் தூக்கிக் காட்டினால் மறுபக்கத்தையும் தூக்கச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வயிற்றுவலி என்று வந்து நின்றால் எந்த இடத்தில் வலிக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்வேன், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் காட்டச் சொல்வேன். இடம் மாறியிருந்தால் வலி இல்லை. என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வலி என்று வருகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். அதே எண்ணத்தோடுதான் ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் நடந்தார்.

தக்கலையில் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுச் சொந்தக்காரர் தம் மகளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது என்றும், ஓணத்துக்குள் வீட்டைக் காலி செய்து தரவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இனி ஒரு வாடகை வீட்டுக்கு மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனசில்லை. கடியப்பட்டணம் பக்கம் என் அப்பா எனக்குச் சீதனமாகத் தந்த தென்னந்தோப்பு இருந்தது. அதை விற்றோம். அந்தப் பணம் என் டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே கிடந்தது. தோப்பு ஒன்றுதான். அது போய்விட்டது. அந்தப் பணத்தைக் கொண்டுபோய் உதவாத வீட்டில் போட்டால் ஆயுசுக்கும் எனக்கும் என் மூன்று பிள்ளைகளுக்கும் வாடகைக் கூரைதான். இந்த நினைப்பில் எனக்குப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்பது உறுதியாகிவிட்ட வருஷம் அது. சர்க்கார் வேலையில் இருந்த மலையாளத்துக்காரர்கள் சிலர் வடக்கே போய்விட முடிவு செய்திருந்தார்கள். அதனால் வீடுகள் விலைக்கு வந்தன. அவசரமாக விற்கிறவன் குறைத்துத் தருவான் என்றார் என் வீட்டுக்காரர். அவசரமாக விற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்றேன் நான்.

தரகர் ஒருவர் வந்து சேர்ந்தார். மழையோ வெயிலோ இல்லாத நேரத்திலும் குடை பிடித்து நடக்கும் மனிதர். எந்த வீட்டைக் காட்டினாலும் முற்றத்தில் நின்று நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்து, காற்றைப் பாருங்கள் என்பார். காற்றுக்கு யாரும் விலை போடுவதில்லையே, இவர் எதற்கு அதையே காட்டுகிறார் என்று நான் சுவரைப் பார்ப்பேன். முதலில் காட்டிய வீட்டில் கரையான். அடுத்த வீட்டில் கிணற்றுக்கு இரண்டு குடும்பம் சொந்தம் கொண்டாடியது. அவரிடம் எனக்குப் பிடிக்காத இன்னொரு பழக்கமும் இருந்தது. கேள்வியை நான் கேட்பேன். பதிலை என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்வார். பணம் என் தோப்புப் பணம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாகக் காட்டிய வீடு, தக்கலையிலிருந்து கடற்கரைக்குப் போகும் ரோட்டில் இருந்தது. ஓட்டு வீடு. அயனி மரத்தில் உத்திரம். பின்பக்கம் பிலா என்று நாங்கள் சொல்லும் ஒரு பலாமரம், நாலைந்து தென்னை, கைப்பிடிச் சுவர் கட்டிய கிணறு. உள்ளே கால் வைத்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்க, வாசல் நிலையில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் இரண்டே பேர். தாலுகா கச்சேரியில் குமஸ்தாவாக இருந்த மனிதர் ஒருவர். அவருடைய தங்கை. அண்ணனுக்கு நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் மனைவி வீடு. வேலையையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொண்டு போகிறார். தங்கைக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணமாகி, ஒரு வருஷத்துக்குள் புருஷனை விட்டுத் திரும்பி வந்தவள் என்று தரகர் என் வீட்டுக்காரரின் காதில் சொன்னார். வெளுத்த முண்டும் நேரியதும் உடுத்து, எல்லோருக்கும் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அண்ணன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு விலையைச் சொன்னார்.

விலை நியாயமாக இருந்தது. நியாயமான விலையை முதலிலேயே சொல்கிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றிலிருந்து என் வேலையைத் தொடங்கினேன். கொண்டையூசியை எடுத்து ஒவ்வொரு நிலையிலும் குத்திப் பார்த்தேன். மரம் இறுகலாக இருந்தது. வில்லங்கம் உண்டா என்று பார்த்துவர என் வீட்டுக்காரரை ரிஜிஸ்தர் கச்சேரிக்கு அனுப்பினேன். ஒன்றும் இல்லை. கரம், அதாவது வீட்டு வரி, கட்டிய ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லாம் அவர்களுடைய அம்மாவின் பெயரில் இருந்தன. அம்மா காலமாகிப் பல வருஷம் ஆயிற்று, இன்னும் பெயர் மாற்றவில்லை என்றார் அண்ணன். எங்கள் வகையில் பெண்ணுக்குச் சீதனம் உண்டு, வீடு கிடையாது. அம்மா போனபின் வீடு மகனுக்கு என்று நான் அதை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் கிணறு வற்றுமா என்று கேட்டேன். எந்தக் கோடையிலும் வற்றியதில்லை என்றாள்.

ரோட்டில் தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் கடியப்பட்டணத்து மீன்காரியையும் விடவில்லை. அந்த வீட்டு ஆட்கள் எப்படி என்று கேட்டேன்.

"அந்தம்மா வெலையே பேசாது டீச்சரே. நான் வெலை சொன்னா சாளைமீனப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கும். அப்படி நின்னா எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிரும். நானே கொறச்சுக் குடுத்திருவேன்."

பாவம், வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

இனி தண்ணீர்தான் பாக்கி. வீடு பார்க்கப் போகிறவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். குடித்துப் பார்த்தால் உப்பு தெரியும், அவ்வளவுதான். பருப்பு வேகாத தண்ணீர் என்று ஒன்று உண்டு. நாக்குக்கு நன்றாகத்தான் இருக்கும். அடுப்பில் விறகு போய்க்கொண்டே இருக்கும், பருப்பு கல்லாகவே கிடக்கும். அப்படி ஒரு வீட்டில் நான் கல்யாணமான புதிதில் சமைத்திருக்கிறேன். அதனால் ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், கைப்பிடித் துவரம்பருப்பை முந்தானையில் முடிந்துகொண்டு நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. தங்கை சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், அவளே தண்ணீர் கோரி என் கையில் ஊற்றினாள். குடித்தேன். உப்பு இல்லை. அப்புறம் அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வாசற்படியில் நான் தயங்கினேன். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அந்தக் காலத்தில் அவர்கள் வகையில் பல வீடுகளில் எங்களை முற்றத்தோடு நிறுத்திவிடுவார்கள். அடுக்களைக்குள் கூப்பிட்டதே எனக்கு ஆச்சரியம். ஆனால் நான் பருப்பை அவிழ்த்துக்கொண்டு பானையின் பக்கம் கையை நீட்டியதும் அவள் குறுக்கே வந்தாள்.

"டீச்சர் அங்க இரியுங்க. நான் போடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. பாத்திரத்தைத் தொடக் கூடாதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பருப்பை அவள் கையில் கொட்டிவிட்டு, பலகையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். ரோஷத்தில் ஜன்னல் வழியாகப் பிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குடத்தைச் சரித்துத் தண்ணீர் ஊற்றி, பருப்பைக் கழுவிப் போட்டு அடுப்பை ஊதினாள். சீக்கிரமே வெந்தது. அகப்பையில் எடுத்துக் காட்டினாள். விரலால் நசுக்கினேன். வெண்ணெயாகக் குழைந்தது. என் வாழ்க்கையில் ஒரு பருப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. அதையும் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் பருப்பு வாங்குவதே அபூர்வம், மீன்தான் எப்போதும் என்று அவள் அன்று சொன்னாள். மீன்காரி சொன்னதோடு அது பொருந்தி வந்தது. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு பொருந்தினால் அதை நான் நம்பிவிடுவேன்.

அதற்குப் பிறகும் பலமுறை, காலையில் ஒருநாள், அந்தி நேரத்தில் ஒருநாள், நல்ல மழையில் ஒருநாள் என்று சொல்லாமல் கொள்ளாமல் போனேன். ஓடு ஒழுகுகிறதா, ரோட்டுத் தண்ணீர் உள்ளே வருகிறதா, பக்கத்தில் குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள் உண்டா என்று பார்க்கவேண்டாமா. அண்ணன் பெரும்பாலும் கச்சேரியில் இருப்பார். தங்கைதான் இருப்பாள். மெல்ல மெல்ல எங்களுக்குள் பேச்சு வந்தது. முதல் நாள் இருந்த விலகல் அவளிடம் அப்புறம் இல்லை. காய் நறுக்கிக்கொண்டு இருப்பேன். கொதிக்கும் பானையை என் கையில் தந்து இறக்கச் சொல்வாள். பழகப் பழகச் சரியாகிவிட்டாள் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

அவள் அதிகம் பேச மாட்டாள். கேட்பாள். வீடு வாங்குவதென்றால் வேறு எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். நான் ஆசிரியை. யாராவது கேள்வி கேட்டால் போதும். கொண்டையூசியைப் பற்றிச் சொன்னேன். மழையில் போய்ப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். வீடு பிடித்திருப்பதை முகத்தில் காட்டக் கூடாது, விலை பேசும்போது வேறு ஒரு ஆள் இருப்பதாக எதிராளி நினைக்கும்படி ஒரு வார்த்தை விட்டுவைக்கவேண்டும் என்று சொன்னேன். அவள் தேங்காய் துருவியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

இதற்கிடையில் நான் என் வேலையையும் பார்த்தேன். இவள் காதில் போட்டால் அண்ணன் காதுக்குப் போகும் என்று கணக்குப் போட்டேன். ஒருநாள் ரகசியம் சொல்கிறவளைப்போலக் குரலைத் தாழ்த்தி, பணம் என் தோப்பை விற்ற பணம் என்றும், எங்களால் இவ்வளவுதான் முடியும், அதற்கு மேல் ஒரு சல்லி கிடையாது என்றும், என் கையில் இருந்ததில் நன்றாகக் குறைத்து ஒரு தொகையைச் சொன்னேன். அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அவள் தலையாட்டினாள். அவளும் குரலைத் தாழ்த்தி, அண்ணன் இன்ன தொகைக்குக் கீழே இறங்க மாட்டார் என்று ஒன்று சொன்னாள். இரண்டு தொகைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைப் பற்றி நான் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

விலை பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து போனோம். தரகரும் குடையோடு வந்திருந்தார். முன்பக்கம் மூன்று ஆண்களும் உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். அண்ணன் சொன்ன விலையிலிருந்து என் வீட்டுக்காரர் கொஞ்சம் குறைத்தார். அண்ணன் கொஞ்சம் இறங்கினார். இடையிடையே தரகர் காற்றைப் பற்றிப் பேசினார். கடைசியில், நான் அடுக்களையில் சொன்ன அதே தொகையில் வந்து நின்றது. எனக்குக் காதில் சூடு பரவியது. கணக்குப் போட்டபடியே நடந்துவிட்டது. அண்ணன், சரி, முடிந்தது என்று எழுந்தார். தரகர் இரண்டு பக்கமும் கைகூப்பினார்.

அப்போது தங்கை அடுக்களையிலிருந்து வந்து கதவின் மறு ஓரத்தில் நின்றாள்.

"அண்ணன் சொன்ன வெலை அண்ணனுக்க வீட்டுக்குக் கொள்ளாம். இது எனக்க வீடு."

அண்ணன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அது பொய் இல்லை என்று தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் மருமக்கள்வழிக் குடும்பங்கள் எத்தனை இருந்தன, அம்மாவின் வீடு மகள் வழியில் போகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை வீட்டுக்குச் சொந்தக்காரர் என்றும், சாயா கொண்டுவந்தவளை வேறு யாரோ என்றும் எடுத்துக்கொண்டுவிட்டேன். தரகர் என் கேள்விக்கு என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பதில் சொல்லும்போது எனக்கு எரிந்ததே, அதே காரியத்தை நான் இத்தனை நாளும் செய்திருக்கிறேன்.

"வெலைய நானும் டீச்சரும் பேசிக்கிடுதோம். ரூவா டீச்சருக்கது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். தரகர் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

அடுக்களையில் எதிரெதிரே பலகை போட்டு உட்கார்ந்தோம். தான் எதிர்பார்க்கும் விலையைச் சொன்னாள். அண்ணனின் கடைசித் தொகை என்று என்னிடம் முன்பு சொன்னாளே, அதற்கும் மேலே இருந்தது. என்னால் முடியாது, நான்தான் சொன்னேனே என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன்காரி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய? அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. நானே வாயைத் திறந்து கொஞ்சம் ஏற்றினேன். அவள் அடுப்பையே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

பிறகு அவள் மெதுவாக, குளச்சல் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். அது நான் சொல்லித்தந்த வித்தை. நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒருவேளை உண்மையாக இருந்தால்? ஓணத்துக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும். டிரங்குப் பெட்டியும் மூன்று பிள்ளைகளும் கண்முன்னால் வந்து நின்றார்கள். இவ்வளவு எதற்கு, நீங்கள் தனி ஆள்தானே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணன் அவருக்க பெண்டாட்டி வீட்டுக்குப் போறாரு. நான் அங்க போனா, சாகுறது வரைக்கும் அவளுக்க அடுக்களையில ஒரு ஓரம். எனக்கும் ஒரு வீடு வாங்கணும் டீச்சர். சின்னதா இருந்தாலும் எனக்க பேருல. இது போச்சுண்ணா வேற எனக்கு ஒண்ணும் இல்ல."

தோப்பு ஒன்றுதான் என்று நான் நினைத்து நினைத்துச் சாப்பிடாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. மனசு இளகியது. இளகியதும் உடனே, இது இளகுவதற்காகச் சொன்ன பேச்சோ என்று சந்தேகமும் வந்தது. கடைசியில் இருவரும் ஒரு தொகையில் நின்றோம். அவளிடம் நான் பொய்யாகச் சொன்ன தொகைக்கு மேலே. என் கையில் உண்மையாக இருந்ததற்குக் கீழே. வெண்கலத் தம்ளரில் எனக்குச் சாயா ஊற்றித் தந்து, அதே மாதிரித் தம்ளரில் அவளும் குடித்தாள். மரம் பார்த்தாயிற்று, மழை பார்த்தாயிற்று, பருப்பு வெந்தாயிற்று, விலையிலும் ஏமாறவில்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். தலையசைத்தேன்.

விலை ஆதாரம் எழுதி, தக்கலை ரிஜிஸ்தர் கச்சேரியில் பதிய வைத்தோம். எழுதிக் கொடுக்கிறவர் யார் என்று கேட்டார்கள். அவள் முன்னால் போனாள். எழுதி வாங்குகிறவர் யார் என்று கேட்டார்கள். நான் போனேன். அவளுடைய அண்ணனும் என் வீட்டுக்காரரும் சுவரோரமாக நின்றார்கள். காரியம் முடிந்து முற்றத்து வேப்பமர நிழலுக்கு வந்ததும் அவள் முண்டின் கோந்தலையில் இருந்த முடிச்சை அவிழ்த்து வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். சாவியோடு சேர்ந்து வேறு ஏதோ சிந்தியது. நாலைந்து துவரம்பருப்பு. ஒரு கைப்பிடிப் பருப்பை அவள் கோந்தலையில் முடிந்து வைத்திருந்தாள்.

வீடு பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டேன். பாறசாலைக்கு அந்தப்புறம் ஒரு வீடு இருக்கிறதாம், பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கேதான் போகிறாளாம். சிந்திய பருப்பைக் குனிந்து பொறுக்கி மறுபடியும் முடிந்துகொண்டாள்.

"வெள்ளத்த நானே கோருவேன் டீச்சர்," என்றாள்.

தண்ணீரைத் தானே கோரவேண்டும் என்று நான் சொல்லித்தரவில்லையே, அவளாகவே சேர்த்துக்கொண்டாளே என்று என் மாணவியை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ் வரும்வரை கூடவே நின்று ஏற்றி அனுப்பினேன்.

புதுவீட்டுக்குப் போன முதல் நாள் சோறும் பருப்பும் வைக்கலாம் என்று அடுப்பை மூட்டினேன். கிணற்றிலிருந்து நானே தண்ணீர் கோரினேன். சோறு வெந்தது. காய் வெந்தது. பருப்பு வேகவில்லை. இன்னும் விறகு வைத்தேன். தண்ணீர் சுண்டியது, இன்னும் ஊற்றினேன். பிள்ளைகள் பசி என்று வந்து நின்றார்கள். பருப்பு மோசமாக இருக்கும், கடைக்காரன் பழசைத் தந்திருப்பான் என்றார் என் வீட்டுக்காரர். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினேன். விரல்தான் வலித்தது.

புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தாள். பானையை எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கிணற்று வெள்ளத்தில் பருப்பு வேகாதே, பாறையடி ஊற்றிலிருந்தல்லவா அந்த அம்மா குடத்தில் கோரிக்கொண்டு வருவாள் என்றாள். இதை ஏன் முன்னமே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வற்றுமாண்ணு தானே டீச்சர் கேட்டிய," என்றாள்.

அடுக்களையில் அதே இடத்தில் உட்கார்ந்தேன். அங்க இரியுங்க, நான் போடுதேன் என்று அன்று அவள் சொன்னாளே. பானையைத் தொட விடவில்லை என்று ரோஷப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு பிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேனே. அதற்குப் பிறகு எத்தனை முறை கொதிக்கும் பானையை என் கையில் தந்திருக்கிறாள். என்னை அவள் ஒதுக்கவே இல்லை. ஒதுக்குகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேதக்காரி டீச்சருக்கு எங்கே சுருக்கென்று தைக்கும், தைத்தால் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவாள் என்பதை முந்தானை முடிச்சைப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டாள்.

கோபம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வரவேண்டும் என்று இரண்டு நாள் துடித்தேன். என் வீட்டுக்காரர்கூட, நாம் கொஞ்சம் அதிகம் கொடுத்துவிட்டோமோ என்று முதல்முறையாகச் சந்தேகப்பட்டார். தண்ணீர் விஷயம் தெரிந்திருந்தால் நான் விலையில் எவ்வளவு குறைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். குறைத்ததில் அவள் வாங்கப்போகும் வீட்டில் ஒரு அறை போயிருக்கும். இல்லையென்றால் கிணறே போயிருக்கும். ஆனாலும் கோபம் தீரவில்லை. நான் போகாமல் இருந்ததற்குக் காரணம் இரக்கம் அல்ல. அவள் எதிரில் போய் நின்றால், பேசாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான்தான் வாயைத் திறந்து எதையாவது கொடுத்துவிட்டு வருவேன்.

நாற்பது வருஷமாக இந்த வீட்டில்தான் இருக்கிறேன். மரம் இன்னும் இறுகலாக இருக்கிறது. ஓடு ஒழுகுவதில்லை. கிணறு எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. பருப்புக்கு மட்டும் பாறையடி ஊற்றுக்குக் குடத்தோடு போகவேண்டும். முழங்கால் வலிக்கும் வரை நானே போனேன், இப்போது மருமகள் போகிறாள். ஊற்றில் குனிந்து குடத்தை முக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் எனக்கு வரும். அந்தப் பாறசாலை வீட்டை வாங்கினாளா, வேறு வாங்கினாளா, உயிரோடு இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த வீட்டை வாங்கியிருந்தாலும் அங்கே பருப்பு வெந்திருக்கும். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.